மொய் நோட்டில் கட்சி இல்லை

(பட்டிமன்றத் தலைப்பு: "மக்களாட்சிக்குப் பெரிய ஆபத்து தலைவர்களின் பதவி ஆசையாலா? மக்களின் பிளவு மனத்தாலா?" - 'மக்களின் பிளவு மனத்தாலேயே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! "இந்த அம்மா என்னதான் பேசப் போகுது, பார்த்துடுவோம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! புதுக்கோட்டைப் பெருமக்களே! வீட்டிலே பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! 

எதிரணித் தலைவர் எழுந்தார். விசா இல்லாமல் நேரே அமெரிக்காவுக்குப் போனார். (சிரிப்பு) 2021 ஜனவரி 6-ஆம் தேதி வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலே கூட்டம் புகுந்ததைச் சொன்னார். "தோற்றுப் போன ஒரு தலைவர், தோற்றேன்னு ஒத்துக்க மாட்டேன்னார். அந்தப் பதவி ஆசைதான் இத்தனைக்கும் காரணம்" என்றார். நீங்களும் கைதட்டினீங்க.

நடுவர் அவர்களே, நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பேசினவர் தலைவர், ஒத்துக்கிறேன். ஆனா சுவர் ஏறினது யாரு? ஜன்னலை உடைச்சது யாரு? சம்பளத்துக்கு வந்த படையா? இல்லை. கடை வைத்திருந்தவன், ஆபீஸ் போகிறவன், பேரன் பேத்தி எடுத்தவன். நேற்று வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரனோடு புல் வெட்டுற மெஷினைக் கடன் வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்த சாதாரண மனுஷன். தீக்குச்சியைக் கிழித்தவர் தலைவர்தான். ஈர விறகிலே வைத்தால் பிடிக்குமா? நாம காய்ஞ்சு போய்க் கிடந்தோம், அதனாலே பிடிச்சது. (கைதட்டல்)

இன்னொன்று பாருங்க. அதே தேர்தலிலே ஜார்ஜியா மாநிலத்தில் பைடன் ஜெயித்தது 11,779 ஓட்டு வித்தியாசத்தில். 2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப்பே போன் போட்டு, 11,780 ஓட்டு கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்னு கேட்டார். போனை எடுத்தவர் யார்? பிராட் ராஃபன்ஸ்பெர்கர். அந்த மாநிலத்தில் தேர்தலை நடத்திய அதிகாரி. அவரும் டிரம்ப் கட்சிக்காரர்தான், எதிர்க்கட்சி இல்லை. முடியாதுன்னு சொன்னார். அப்போ, தலைவர் ஆசைப்பட்டால் மட்டும் போதாது. கீழே இருக்கிறவன் தலையாட்டணும். ஆட்டாத தலை ஒண்ணு இருந்தா அங்கேயே நின்னு போச்சு. 2025 ஜனவரி 20-ஆம் தேதி டிரம்ப் மறுபடியும் பதவியேற்ற அன்றைக்கே, அந்தக் கலவர வழக்கிலே மாட்டிய ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார். அந்த நாட்டிலே பாதிப் பேருக்கு அவர்கள் குற்றவாளிகள், பாதிப் பேருக்குத் தியாகிகள். ஒரே மனுஷன், ஒரே சம்பவம், ரெண்டு கண்ணு ரெண்டு விதமாப் பார்க்குது. கண் டாக்டர்கிட்ட போக வேண்டிய கேஸ் அது. (சிரிப்பு)

அமெரிக்காவைப் பார்த்து நாம சிரிக்கிறதுக்கு முந்தி, நம்ம வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமா? 1988 ஜனவரி 28. சென்னை சட்டமன்றத்துக்கு உள்ளேயே போலீஸ் புகுந்து தடியடி. 1989 மார்ச் 25. பட்ஜெட் படிக்கிற நாள்; பட்ஜெட்டைத் தவிர மற்றதெல்லாம் பறந்தது. 2017 பிப்ரவரி 18. நம்பிக்கை வாக்கெடுப்பு, எதிர்க்கட்சித் தலைவர் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். அமெரிக்காக்காரன் 2021-இல் செய்ததை நாம 1988-லேயே பார்த்தாச்சு. இந்த விஷயத்திலே நாமதான் சீனியர்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறீங்க. அந்தச் சண்டைக்கெல்லாம் அப்புறம் என்ன ஆச்சு? அடிச்சுக்கிட்டவங்களிலே பாதிப் பேர் பிற்பாடு கட்சி மாறி ஒரே மேடையிலே பொன்னாடை போர்த்திக்கிட்டாங்க. ஆனா அவங்களுக்காக ஊரிலே பேச்சை நிறுத்தினானே ஒரு அண்ணன், ஒரு தம்பி, அவன் இன்னும் பேசலை. மேலே சண்டை முடிந்து போச்சு, கீழே முடியலை. எங்கள் அணி சொல்வதே இதைத்தான்.

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றிலே ரெண்டு டீக்கடை. ஒரு கடையிலே ஒரு பத்திரிகை, இன்னொரு கடையிலே இன்னொரு பத்திரிகை. இந்தக் கடை ஆள் அந்தக் கடையில் டீ குடிக்க மாட்டார். பால் ரெண்டு கடைக்கும் ஒரே மாட்டுப் பால்தான்! (சிரிப்பு) அந்த மாட்டுக்குத் தெரியுமா, நம்ம பாலிலே பாதி ஆளுங்கட்சிக்கும் பாதி எதிர்க்கட்சிக்கும் போகுதுன்னு? இப்போ டீக்கடை போய் வாட்ஸ்அப் வந்திருக்கு. எங்கள் குடும்பக் குழுவிலே மொத்தம் நாற்பத்தி ரெண்டு பேர் இருந்தோம். ஒரு தேர்தல் வந்தது, முப்பத்தி ஒன்று ஆனோம். எங்க வீட்டுக்காரரும் அவர் சித்தப்பா மகனும் சின்ன வயசிலே ஒரே தட்டிலே சாப்பிட்டவர்கள். ரெண்டு பேரும் ஏதோ ஒரு செய்தியைப் போட்டு, மாற்றி மாற்றி வசைபாடி, கடைசியிலே கொழுந்தனார் குழுவை விட்டே வெளியே போயிட்டார். போனவர் சும்மா போகலை. அடுத்த மாசம் நடந்த காதுகுத்துக்கும் வரலை. அந்தக் குழந்தை என்ன ஓட்டா போட்டது? (சிரிப்பு) எந்தத் தலைவராவது போன் பண்ணி, "காதுகுத்துக்குப் போகாதே"ன்னு சொன்னாரா? சொல்லுங்க எதிரணி நண்பர்களே!

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. புறநானூற்றிலே கோவூர்கிழார் என்று ஒரு புலவர். இதோ பக்கத்திலே, திருச்சி உறையூரிலே நடந்த கதை. நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். நலங்கிள்ளி வெளியே முற்றுகை போட்டு நிற்கிறான். ரெண்டு பேரும் சோழன். ஒரே குடும்பம். நடுவிலே போய் நின்றார் புலவர். ரெண்டு பேர் கழுத்தையும் பாருங்கப்பா, ரெண்டு பேரும் போட்டிருப்பது ஆத்தி மாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடும்பம்தான் என்று எடுத்துச் சொன்னார். அதுதான் அவர் பாட்டின் சாரம். நான் வகுப்பிலே இந்தப் பாட்டை முப்பது வருஷமா நடத்துறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் எழுந்து, "அம்மா, அதுலே யாரு பக்கம் நியாயம்?" என்று கேட்பான். புலவர் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லலை. நியாயம் யார் பக்கம் என்பதற்கு முந்தி, உறவு இருக்கணும்னு நினைத்தவர் அவர்.

உடனே எதிரணி வக்கீல் நண்பர் எழுந்து கேட்பார்: "அப்படீன்னா கருத்து வேறுபாடே கூடாதா? எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினால் அது மக்களாட்சியா?" நல்ல கேள்வி. அதுக்குப் பதிலை இந்தப் புதுக்கோட்டை மண்ணிலேயே எடுத்துத் தர்றேன்.

1886-இல் இந்த ஊரிலே ஒரு பெண் பிறக்கிறார். முத்துலட்சுமி. மகாராஜா கல்லூரியிலே சேர்ந்த முதல் பெண். டாக்டர் ஆனார். அடுத்த வருஷம், 1887-இல், இதோ இருக்கிற திருமயத்திலே ஒரு பையன் பிறக்கிறான். சத்தியமூர்த்தி. தீரர் சத்தியமூர்த்தி. காமராசர் தன் அரசியல் குரு என்று கொண்டாடினாரே, அவர். ரெண்டு பேரும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் பிள்ளைகள். ரெண்டு பேரும் சென்னைச் சட்டசபையிலே சந்திக்கிறாங்க. எப்படி? எதிரும் புதிருமா!

பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடுகிற தேவதாசி முறையை ஒழிக்கணும்னு முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் மன்றத்திலே கொண்டு வருகிறார். சத்தியமூர்த்தி எதிர்க்கிறார். சும்மா இல்லை, சபையே அதிர எதிர்த்தார். இந்த வழக்கிலே நான் அம்மையார் பக்கம். அதை மறைக்க மாட்டேன். ஒரு பெண்ணா, இன்றைக்கு இந்த மேடையிலே நின்று பேசுகிறவளா, வேறு பக்கம் நிற்க எனக்கு முடியாது. சத்தியமூர்த்தி எவ்வளவு பெரிய தேசபக்தராக இருந்தாலும் அந்த விஷயத்திலே அவர் நின்ற இடம் தப்பு.

ஆனா கதை அத்தோடு முடியலை. 1930-இல் உப்புச் சத்தியாகிரகம். காந்தியடிகளைக் கைது பண்ணினாங்க. சத்தியமூர்த்திக்குக் காந்தி கட்சித் தலைவர். முத்துலட்சுமி அம்மையார் காங்கிரஸ் டிக்கெட்டிலே வந்தவர் இல்லை, நியமன உறுப்பினர். சபையின் துணைத் தலைவராக இருந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? காந்தியைக் கைது செய்ததைக் கண்டித்து, அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார்! (கைதட்டல்) "என் மசோதாவை எதிர்த்த ஆளோட தலைவர்தானே, உள்ளே கிடக்கட்டும்"னு நினைக்கலை. ஒரு கேள்வியிலே எதிரே நின்றவங்க, அடுத்த கேள்வியிலே ஒரே பக்கம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. சத்தியமூர்த்தி 1943-லேயே மறைந்துவிட்டார்.

வக்கீல் நண்பரே, வேறுபாடு வேற, பிளவு வேற. முத்துலட்சுமி அம்மையாருக்கும் சத்தியமூர்த்திக்கும் இருந்தது வேறுபாடு. இன்றைக்கு நமக்கு இருப்பது பிளவு. இப்போ ஒரு விஷயத்திலே எதிர்த்தால் எல்லா விஷயத்திலும் எதிர்க்கணும். அவன் மழை பெய்யுதுன்னா நான் குடையை மடக்கணும். (சிரிப்பு)

கொஞ்ச நேரம் சிரிப்பை ஓரமா வைத்துவிட்டு ஒன்று சொல்றேன். இந்த மாவட்டத்திலே இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் என் மனசாட்சி கேட்காது. 2022 டிசம்பர் கடைசியிலே வேங்கைவயல். பட்டியல் இன மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டித் தண்ணீரிலே மனிதக் கழிவு. யார் செய்தது என்பதற்குள் நான் போகலை. அது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. நான் கேட்பது நம்மைப் பற்றி. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ராத்திரி, நாம என்ன பேசினோம்? குழந்தைகளுக்கு இப்போ தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு எத்தனை பேர் கேட்டோம்? எந்த ஆட்சியிலே நடந்தது, அப்போ அந்த ஆட்சியிலே நடந்ததை ஏன் பேசலை, இதுதானே பேச்சு? குடிக்கிற தண்ணியைக்கூடக் கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்க்கப் பழகிட்டோம்.

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, நான் இப்போ நேரா மக்களாட்சி எதனாலே ஓடுது என்கிற இடத்துக்கு வர்றேன். அதைப் படிக்க நீங்க வாஷிங்டன் போக வேண்டாம். ஆலங்குடி வழியா வடகாடு, கீரமங்கலம் போனால் போதும். ஆடி, ஆவணி மாசம் போங்க. மொய் விருந்து! (பலத்த கைதட்டல்) கைதட்டுறதிலேயே தெரியுது, பாக்கி வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்று. (சிரிப்பு)

வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பணம் தேவைப்படுகிற நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறி விருந்து வைப்பாங்க. சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவாங்க. வருகிற பணத்தை எண்ண மெஷின் வைத்திருப்பாங்க. அந்தப் பணத்திலே ஒருத்தர் போர்வெல் போடுவார், ஒருத்தர் பிள்ளையைப் படிக்க வைப்பார், ஒருத்தர் கடை வைப்பார். இதிலே சூட்சுமம் எங்கே இருக்கு? அது இனாம் இல்லை. எனக்கு நீங்க எழுதினதை உங்க விருந்திலே நான் திருப்பி எழுதணும். பழைய நடை, புது நடைன்னு கணக்கு. வாங்கினதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதுசாவும் போடணும். பத்திரம் கிடையாது, ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது, வக்கீல் கிடையாது. மன்னிக்கணும் வக்கீல் சார்! (சிரிப்பு) ஒரு நோட்டு, ஒரு பேனா, ஊர் மத்தியிலே மானம். அவ்வளவுதான். ஒருத்தர் விருந்து வைத்தால் அடுத்தது வைக்க எவ்வளவு நாள் காத்திருக்கணும்? பொதுவா ஐந்து வருஷம்!

ஐந்து வருஷம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? (கைதட்டல்)

தேர்தல் என்பதும் மொய் விருந்துதாங்க. நான் தோற்றேன். ஐந்து வருஷம் நீ ஆண்டுக்கோன்னு உன் நோட்டிலே நான் எழுதுறேன். என் மனசு எரியுது, இருந்தாலும் எழுதுறேன். ஏன்? அடுத்த தடவை என் பந்தலுக்கு நீ வந்து எழுதுவேன்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை போச்சுன்னா யாரு முதல் விருந்துக்கு எழுதுவான்? எழுத மாட்டான், பந்தக்காலைப் பிடுங்கத்தான் பார்ப்பான். அமெரிக்காவிலே 2021-இல் நடந்தது பந்தக்காலைப் பிடுங்கின கதை.

அதே அமெரிக்காவிலே மொய்யைச் சரியா எழுதினவங்களும் இருக்காங்க. 2000-இல் அல் கோர். பத்துக் கோடிக்கு மேலே பதிவான ஓட்டிலே, ஃபுளோரிடா மாநிலத்தின் 537 ஓட்டு வித்தியாசத்திலே நாட்டையே விட்டுக் கொடுத்தார். 537 ஓட்டு எவ்வளவு தெரியுமா? நம்ம ஊரிலே ரெண்டு தெருவு. அப்புறம் நம்ம பொண்ணு ஒண்ணு. மன்னார்குடி பக்கத்திலே துளசேந்திரபுரம், தாத்தா ஊர். கமலா ஹாரிஸ். 2024 தேர்தலிலே தோற்றார். தோற்ற மறுநாளே ஒப்புக்கொண்டார். 2025 ஜனவரி 6-ஆம் தேதி, நாலு வருஷத்துக்கு முந்தி கூட்டம் புகுந்ததே, அதே தேதி, அதே சபை, துணை அதிபர் என்கிற முறையிலே தலைமை நாற்காலியிலே அவர்தான் உட்காரணும். உட்கார்ந்தார். எதிராளிக்கு 312, தனக்கு 226 என்று தன் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவித்தார். இதிலே அவர் கொள்கை சரியா தப்பா என்ற விவாதமே வேண்டாம். நோட்டைத் திறந்தார், கணக்கைப் படித்தார், மூடினார்.

நம்ம ஊரிலே மட்டும் என்ன குறைச்சல்? 1962-இல் காஞ்சிபுரத்திலே அண்ணா தோற்றார். 1967-இல் விருதுநகரிலே காமராசரே தோற்றார், 1,285 ஓட்டிலே. ரெண்டு பேரும் தோல்வியை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அந்த 1967-இல் ஜெயித்த அண்ணா என்ன செய்தார்? தேர்தல் முழுக்கத் தன்னை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைப் பார்க்கத் திருச்சிக்கு வந்தார். 1949-இல் பிரிந்தவர்கள். ஜெயித்தவர் தோற்ற பக்கத்து வீட்டு வாசலிலே போய் நின்றார்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். "பார்த்தீங்களா, நீங்க சொன்னது எல்லாமே தலைவர்கள் கதைதானே, அம்மா நம்ம பக்கம் வந்துட்டாங்க"ன்னு சிரிக்கிறார். (சிரிப்பு) பொறுங்க ஐயா. அந்தத் தலைவர்களாலே அப்படி நடக்க முடிந்ததுக்குக் காரணம், அவங்க தொண்டன் அதை ஏற்றுக்கிட்டான். இன்றைக்கு ஒரு தலைவர் எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஒரு சிரிப்புச் சிரிச்சா, சொந்தக் கட்சிக்காரனே "விலை போயிட்டார்"னு எழுதுறான். மரியாதையா நடக்கிற தலைவரைத் தண்டிக்கிறோம், முரட்டுத்தனமாப் பேசுறவருக்கு விசில் அடிக்கிறோம். கடையிலே எது விக்குதோ அதைத்தானே வியாபாரி வாங்கி வைப்பான்?

மொய் விருந்துப் பந்தலிலே இன்னொரு அழகு உண்டு. எங்கள் கல்லூரி உதவியாளர் ஒருவர், கீரமங்கலம் பக்கத்துக்காரர். அவர் கொடுத்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். பேர் இருக்கு, ஊர் இருக்கு, தொகை இருக்கு. கட்சிக்குன்னு கட்டம் இல்லை. (கைதட்டல்) அவர் சொன்னார்: "அம்மா, எதிர்க்கட்சிக்காரன் மொய்யை மட்டும் ஒரு ரூபா குறையாம எழுதிடணும். நம்மாளு பொறுத்துப்பான், அவன் நாலு பேர்கிட்ட சொல்லிடுவான்." இதுதாங்க அரசியல் அறிவு! நமக்கு வேண்டாதவன்கிட்ட நம்ம நாணயம் கெட்டுடக் கூடாதுன்னு ஒரு பயம் இருக்கே, அந்தப் பயம் எந்த அரசியல் சட்டத்திலேயும் எழுதி வைக்க முடியாதது.

சரி, அந்த நாணயம் இருக்கிற ஊரிலேயே ஒரு நாற்காலி காலியாக் கிடந்ததே, அதைக் கவனிச்சீங்களா? 2016 அக்டோபரிலே உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்கணும். வழக்கு, வாய்தான்னு நின்னு போச்சு. கிராம ஊராட்சிக்குத் தேர்தல் எப்போ நடந்தது? 2019 டிசம்பர் கடைசியிலே. இந்த மாவட்டத்திலே அப்போ 497 கிராம ஊராட்சி. மூணு வருஷத்துக்கு மேலே ஒரு ஊரிலேயும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. அந்த மூணு வருஷத்திலே என்னென்ன நடந்தது? 2017 பிப்ரவரியிலே நெடுவாசல். நிலத்துக்கு அடியிலே ஹைட்ரோகார்பன் எடுக்கப் போறோம்னாங்க. எல்லாக் கட்சி வீட்டுப் பெண்களும் ஒரே பந்தலிலே உட்கார்ந்தாங்க. 2018 நவம்பரிலே கஜா புயல். தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்தது. யார் வீட்டு மரம் யார் வீட்டு மேலே விழுந்ததுன்னு பார்க்காம வெட்டி வழி விட்டாங்க. அந்த நேரத்திலே ஆபீசிலே போய் மேஜையைத் தட்டிக் கேட்க ஒரு ஊராட்சித் தலைவர் இல்லை. ஊருக்கு ரொம்பத் தேவைப்பட்ட நேரத்திலே ஊருக்குத் தலை இல்லை!

இது தலைவர்கள் குற்றம்தானேன்னு கேட்பீங்க. தள்ளிப் போட்டது அவங்களும் வழக்கும்தான், நான் இல்லைங்கலை. ஆனா கேபிள் கட் ஆனா பத்து நிமிஷத்திலே போன் போடுறோமே, ஊராட்சி கட் ஆகி மூணு வருஷமாச்சு, எத்தனை பேர் போன் போட்டோம்? சென்னையிலே யார் எந்த அணிக்குப் போனாங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். டில்லியிலே யார் யாரைத் திட்டினாங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். தூரத்துச் சண்டையிலே பக்கம் பிரிஞ்சு நின்னோம், பக்கத்து நாற்காலி காலியா இருந்தது கண்ணிலே படலை. 2019-இல் வந்தவர்கள் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிஞ்சுது. மறுபடியும் தனி அலுவலர். 13 ஒன்றியம், ஒன்றியத்துக்குச் சராசரியா 38 ஊராட்சி. ஒரு மனுஷன் 38 ஊர்த் தெருவிளக்கை எண்ண முடியுமா?

இதிலே பெண்களுக்கு ஒரு தனி நஷ்டம் இருக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சியிலே பாதி இடம் பெண்களுக்கு. இந்த மாவட்டத்துப் பெண்கள் 1991, 92-இல் அறிவொளி இயக்கத்திலே ஆயிரக்கணக்கிலே சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டு, கேலி பேசினவங்க வாயை அடைச்சவங்க. அவங்க மகள்கள் ஊராட்சித் தலைவர் நாற்காலியிலே உட்கார்ந்தாங்க. தேர்தல் இல்லேன்னா முதல்லே வீட்டுக்குப் போறது அவங்கதான். (கைதட்டல்)

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாம ஒரு பட்டிமன்றமும் முடியாது. (சிரிப்பு) எதிரணியிலே ஏற்கெனவே குடவோலை போட்டாச்சு. அந்தச் சபையிலே பெண்ணுக்கு இடமில்லை, நிலம் இல்லாதவனுக்கு இடமில்லை. அதனாலே நான் ரொம்பக் கொண்டாட மாட்டேன். ஆனா அதிலே ஒரு விதி உண்டு: பதவியிலே இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது. இந்தச் சொந்தக்காரன் விதியை இப்போ கொண்டு வந்தா, நிறையப் பேர் வீட்டிலே தேர்தலே நடக்காது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்தக் கணக்கைக் கேட்கிற இடம் நமக்கும் இருக்கு. கிராம சபை. வருஷத்துக்கு நாலு தடவையா இருந்தது, 2022-இலிருந்து ஆறு தடவை ஆச்சு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு ஊரிலே கேட்டேன், போன தடவை எத்தனை பேர் வந்தீங்கன்னு. "கோரத்துக்கு ஆள் இருந்துச்சு"ன்னாங்க. அதே ஊரிலே ஜல்லிக்கட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டேன். "அதைக் கேட்காதீங்க"ன்னாங்க. (சிரிப்பு)

நடுவர் மணியிலே கை வைச்சுட்டார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் எதிரணித் தலைவருக்குப் போட்டுட்டு உட்கார்ந்துடறேன். ஐயா, அமெரிக்க அதிபர் பேரு உங்களுக்குத் தெரியுது. அவருக்கு முந்தினவர் பேரும் தெரியுது. ஜார்ஜியா மாநிலத்து ஓட்டு எண்ணிக்கை வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிட்டோம். 2025 ஜனவரியிலே உங்க சொந்த ஊர் ஊராட்சிக்குத் தனி அலுவலரா வந்தவர் பேரு என்ன?

(எதிரணித் தலைவர் நடுவரைப் பார்க்கிறார். அரங்கில் சிரிப்பு.)

நடுவரைப் பார்க்காதீங்க ஐயா, அவருக்கும் தெரியாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)